வீடற்றவர்க்கு யார் பொருள் தருவது?



பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மாணவன் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், தாய்மொழி என்று வரிசையாக வரும் கட்டங்களுள் ‘வீட்டு முகவரி’ என்பதும் ஒன்று. முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் அக்கட்டத்தை ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். அது வெறுமையாக இருந்ததைக் கண்டது ஒரு நாள். அந்த நாளை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

1999 ஆம் ஆண்டு ஜூன் திங்கள். அப்போது ஒரு சிறுநகரத்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒரு முற்பகல் வேளையில், ஒரு தாய் தம் பதினொரு வயது மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார். வேறோர் ஊர்ப் பள்ளி கொடுத்த ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. “எங்கே குடியிருக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டேன். “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, புளியமரத்தடியிலங்க ஐயா” என்றார். “மரத்தடியை முகவரியாக எழுத முடியுமா? ரேஷன் கார்டு கொண்டு வாருங்கள்” என்றேன். “வீடு இருந்தாத்தானே ஐயா கார்டு குடுப்பாங்க?” என்றார். “அப்படியானால் சொந்த ஊர் எது? அந்த ஊர்ப் பள்ளியிலேயே சேர்க்கலாமே” என்றேன். அவர் விடை கூறவில்லை. மகனை அழைத்துக்கொண்டு படியிறங்கினார். பிறகு வரவில்லை.

விதிப்படி நடந்தேன் என்றே அன்று எண்ணினேன். ஓய்வு பெற்ற பின்னர் வரலாற்று நூல்களைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், நான் அந்தத் தாயிடம் கேட்ட வினா நானூறு ஆண்டுப் பழமை உடையது என்பது தெரிந்தது. ‘நீ எந்த ஊர்?’ என்பதே அவ்வினா. உறவு கொண்டாடுவதற்காகவும் நாம் இதனைக் கேட்பதுண்டு. செலவைத் தட்டிக் கழிப்பதற்காகவும் கேட்பதுண்டு. வீடற்றவர்களுக்குப் பொதுப்பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதைச் சட்டத்தால் வகுக்க நெடுங்காலம் முயன்ற நாடு இங்கிலாந்து. அந்நாட்டு வரலாறு முழுவதிலும் இந்த ஒரு வினா தொடர்ந்து வருகிறது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் உணவும் ஓரிரவு இடமும் அளித்தவை பெரும்பாலும் கிறித்தவத் துறவிகளின் மடங்களே. 1536 முதல் 1540 வரையிலான ஆண்டுகளில் எட்டாம் ஹென்றி மன்னர் ஏறக்குறைய 800 மடங்களைக் கலைத்து, அவற்றின் நிலங்களைக் கைக்கொண்டார். மடங்களோடு அந்த அறமும் மறைந்தது. அதே காலத்தில் உழுநிலங்கள் பல இடங்களில் வேலியிடப்பட்டு ஆட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்டமையால், உழவர் பலர் பிழைப்பு இழந்து சாலைக்கு வந்தனர். அவ்வாறு வந்தவர்களுக்கு அரசு தந்தது யாது? தண்டனையே. 1531 ஆம் ஆண்டுச் சட்டம், உடல் வலிமை இருந்தும் அலைந்து திரிபவனை வண்டியின் பின்னே கட்டி, இரத்தம் வரும்வரை கசையால் அடிக்கச் சொன்னது. 1547 ஆம் ஆண்டுச் சட்டமோ, அத்தகையவனுடைய மார்பில் சூடுபோட்டு இரண்டாண்டு அடிமையாக்கலாம் என்றது. அக்கொடுமையை நிறைவேற்ற நாட்டாருக்கே மனம் வரவில்லை போலும். மூன்றாண்டுகளுள் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அடித்தாலும் பசி தீராது, குளிரும் விலகாது என்பதை அரசு மெல்ல உணர்ந்தது. எலிசபெத் அரசியின் ஆட்சி முடியும் தறுவாயில், 1601 ஆம் ஆண்டில், புகழ்பெற்ற ஏழையர் சட்டம் பிறந்தது. அதன் அமைப்பை மாணவர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். அக்காலத்து இங்கிலாந்து ‘பாரிஷ்’ எனப்படும் கோயிற்பற்றுகளாகப் பிரிந்திருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக அவை ஏறக்குறைய 15,000. ஒவ்வொரு பற்றிலும் நிலமும் வீடும் அனுபவிப்போரிடம் ஏழை வரி தண்டப்பட வேண்டும். ஆண்டுதோறும் நீதிவான்கள் நியமிக்கும் மேற்பார்வையாளர்கள் அவ்வரியைத் தண்டி, முதியோருக்கும் நோயாளருக்கும் பெற்றோரற்ற குழந்தைகளுக்கும் செலவிட வேண்டும். ஈகை என்பது மனம் இருந்தால் தருவது. வரி என்பது மனம் இல்லாவிடினும் தர வேண்டுவது. ஏழையைக் காத்தல் ஊராரின் கட்டாயக் கடமை என்பதை நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக எழுதி வைத்தது அக்காலத்தில் ஒரு பெருஞ்செயலே ஆகும்.

ஆயினும் அச்சட்டத்தின் உள்ளேயே ஒரு முள் இருந்தது. வரி கொடுப்போர் ஓர் ஊரார். வருகின்ற ஏழையோ எந்த ஊரிலிருந்தும் வரலாம். ‘நம் பணத்தில் பிறவூர் ஏழைகளுக்கு ஏன் சோறிட வேண்டும்?’ என்று ஒவ்வோர் ஊரும் கேட்கத் தொடங்கிற்று. 1662 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஊருரிமைச் சட்டத்தை இயற்றியது. ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த வாடகையில் குடியேறும் ஒருவனை, நாற்பது நாளுக்குள் முறையீடு செய்தால், இரு நீதிவான்கள் அவனுடைய சொந்தப் பற்றுக்குத் திருப்பியனுப்பலாம். அவன் அன்று எவரிடமும் ஒரு காசும் கேட்டிருக்க வேண்டுவதில்லை. நாளைக்குக் கேட்கக்கூடும் என்ற ஐயமே போதும்.

இதனால் விளைந்தவற்றைக் கேளுங்கள். ஓரிடத்தில் ஓராண்டு முழுதும் வேலையில் அமர்ந்திருந்தால் அவ்வூரில் உரிமை உண்டாகும் என்பது ஒரு விதி. ஆகவே முதலாளிகள் பலர் ஆட்களை ஐம்பத்தொரு வாரத்துக்கு மட்டுமே அமர்த்தினர். குழந்தை எங்கே பிறக்கிறதோ அதுவே அதன் ஊராகலாம் என்பதால், கணவனில்லாத கருவுற்ற பெண்களைப் பேறு காலத்துக்கு முன்னர் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடும் கொடுமை நிகழ்ந்தது. ஓர் ஏழை தங்கள் ஊரான் அல்லன் என்று மெய்ப்பிக்க இரண்டு ஊர்கள் வழக்காடி, அவனுக்குப் பல ஆண்டு சோறிடத் தக்க பணத்தை வழக்கறிஞர்களுக்குக் கொடுத்தன. 1697 இல் வந்த ஒரு சட்டம், உதவி பெறுவோர் தம் பற்றின் முதலெழுத்தைத் துணியில் வெட்டித் தோளிலே தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. பொருளாதார அறிஞர் ஆதம் ஸ்மித் 1776 இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஊருரிமைச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். உதவி கேட்டாலன்றி எவரையும் வெளியேற்றக் கூடாது என்ற திருத்தம் 1795 இல்தான் வந்தது.

இங்கே நாம் அந்த ஊரார் அனைவரையும் கொடியவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. அவர்களுள்ளும் இரக்கமுடையோர் இருந்தனர். கேடு இருந்தது பணம் வந்த வழியில். சின்னஞ்சிறு ஊர் தன் வரியாலேயே தன் ஏழைகளைக் காக்க வேண்டுமென்றால், கதவைத் திறந்து வைக்கும் ஊர் நொடித்துப்போகும். கதவை அடைத்த ஊர் பிழைத்துக்கொள்ளும். நல்லவனுக்கு இழப்பும் கல்நெஞ்சனுக்கு ஆதாயமும் தருகின்ற ஏற்பாடு எத்துணை நல்ல சட்டத்தையும் கெடுத்துவிடும்.

நெப்போலியன் போர்கள் 1815 இல் முடிந்தன. போர்வீரர்கள் பலர் வேலையின்றித் திரும்பினர். வேலை தேடிச் சாலைகளில் அலைந்தோர் தொகை பெருகிற்று. 1824 இல் இயற்றப்பட்ட அலைவோர் சட்டம், பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல் வெட்டவெளியில் உறங்குவதைக் குற்றமாக்கியது. 1834 இல் புதிய ஏழையர் சட்டம் வந்தது. அதனை வகுத்தோர் நாசா சீனியர், எட்வின் சாட்விக் முதலியோர். பற்றுகள் பலவற்றை ஒன்றியங்களாக இணைத்து, ஒன்றியத்துக்கொரு வேலை விடுதி அமைத்தனர். விடுதிக்குள் வாழ்வு, வெளியே மிகக் குறைந்த கூலி பெறுபவனின் வாழ்வைவிடக் கீழானதாக இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. உள்ளே சென்றவுடன் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம் எனப் பிரிக்கப்பட்டனர். அலைந்து வருவோருக்கு விடுதியை ஒட்டித் தனியே இரவுக் கொட்டடிகள் எழுந்தன. இரவு தங்கியதற்கு ஈடாக மறுநாள் கல் உடைக்க வேண்டும். அல்லது பழைய கப்பற் கயிறுகளை நார் நாராகப் பிரிக்க வேண்டும்.

இலண்டன் மாநகரில் இக்கொட்டடிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது, அரசுப் பணம் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு நல்லதொரு பாடம். ஓர் ஒன்றியம் தன் கொட்டடியை ஒழுங்காக நடத்தினால், நகர் முழுதும் உள்ள வீடற்றோர் அங்கே வந்து திரண்டனர். செலவு முழுவதும் அந்த ஒன்றியத்து வரிதாரர் தலையில் விழுந்தது. ஆகவே ஒன்றியங்கள் பல, வந்தவர்களைக் கதவருகிலிருந்தே திருப்பியனுப்பின. 1864 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மாநகர் வீடற்ற ஏழையர் சட்டத்தை இயற்றியது. ஒவ்வோர் ஒன்றியமும் கொட்டடி அமைத்தே தீரவேண்டும். அதற்காகும் செலவை மாநகர்ப் பணி வாரியம் இலண்டன் முழுவதற்குமான பொது நிதியிலிருந்து திருப்பித் தரும். மறு ஆண்டில் இந்த ஏற்பாடு நிலையானதாயிற்று. அதே 1865 இல், நாடு முழுவதும் ஏழையர் செலவைத் தனித்தனிப் பற்றின் மேல் சுமத்தாமல் ஒன்றியம் முழுமையின் மேலும் பரப்பும் சட்டமும் வந்தது. சுமையைப் பலர் தோளில் பகிர்ந்தவுடன் ‘இவன் எவ்வூரான்?’ என்ற வினாவின் கூர்மை மழுங்கத் தொடங்கியது. செல்வம் மிக்க மேற்கு இலண்டன், வறிய கிழக்கு இலண்டனுக்குத் தோள் கொடுக்கத் தொடங்கியது.

பணம் வந்ததே ஒழிய, பரிவு வந்ததா? 1866 ஜனவரியில் ஜேம்ஸ் கிரீன்வுட் என்ற இதழாளர் கந்தலாடை உடுத்து, அலைவோனைப் போல் வேடம் பூண்டு, இலண்டன் லாம்பெத் கொட்டடியில் ஓரிரவு தங்கினார். அழுக்கு நீரையும், குளிரையும், நெருக்கத்தையும் கண்டவாறே ஓர் இதழில் தொடராக எழுதினார். நாடே அதிர்ந்தது. ஆயினும் 1882 இல் வந்த சட்டம் இரவு தங்கியவரை மறுநாள் முழுதும் அடைத்து வேலை வாங்கி, அதற்கடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கே வெளியே விடச் சொன்னது. ஒரே திங்களில் இரண்டாம் முறை வந்தவரை மேலும் நாட்கள் அடைத்தனர். காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியே வருபவனுக்கு அன்றைய வேலை எங்கே கிடைக்கும்? வேலையில்லை என்று கடிந்துகொண்டே வேலை தேடும் வேளையையும் பறித்துவிட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1948 ஜூலை 5 ஆம் நாள், தேசிய உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய ஏழையர் சட்டத்தை முற்றிலும் ஒழித்தது. எதிர்பாராத நெருக்கடியால் வீடிழந்தோருக்குத் தற்காலிக இடம் தருவது உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாயிற்று. சட்டம் புதிது. ஆனால் அம்மன்றங்கள் பல இடங்களில் தந்த கட்டடங்களோ பழைய வேலை விடுதிகளே. வழக்கமும் பழையதே: தாயும் குழந்தைகளும் உள்ளே, தந்தை வெளியே. தங்கும் தவணை தீர்ந்தும் வீடு கிடைக்காவிடின், குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து அரசுக் காப்பில் சேர்த்தனர்.

1966 நவம்பர் 16 ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘கேத்தி கம் ஹோம்’ என்னும் நாடகம் ஒளிபரப்பாயிற்று. ஜெரமி சான்ட்போர்டு எழுத, கென் லோச் இயக்கிய நாடகம் அது. விபத்தால் கணவன் வேலையிழக்க, வீடு வீடாக இறங்கி, முடிவில் ஒரு புகைவண்டி நிலையத்தில் தன் குழந்தைகளையும் பறிகொடுக்கும் ஓர் இளந்தாயின் கதை. ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் மக்கள் அதனைக் கண்டனர். அடுத்த திங்கள் முதல் நாளில் ‘ஷெல்ட்டர்’ என்ற அறநிறுவனம் தொடங்கப்பட்டது. ஒலிபரப்பும் ஒளிபரப்பும் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியன என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் நன்று.

அதன் பின்னும் பதினோராண்டு சென்ற பிறகே சட்டம் மாறியது. ஸ்டீபன் ராஸ் என்ற லிபரல் கட்சி உறுப்பினர் தனியுறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்து, அரசின் துணையுடன் நிறைவேறிய 1977 ஆம் ஆண்டுச் சட்டம், வீடற்ற குடும்பங்களுக்கு வீடு கிடைக்கச் செய்வதை வீட்டு வசதித் துறையின் சட்டக் கடமையாக்கியது. குடும்பத்தைப் பிரிக்கும் வழக்கத்துக்கு அது பெருந்தடையாயிற்று. ஆயினும் அதில் மூன்று வாயிற்காவலர் நின்றனர். நீ முன்னுரிமைக்கு உரியவனா? நீயே வேண்டுமென்று வீட்டை இழந்தாயா? இந்த ஊரோடு உனக்குத் தொடர்பு உண்டா? மூன்றாவது வினாவை அடையாளம் கண்டீர்களா? 1662 இன் ஊருரிமை, முந்நூறு ஆண்டு கடந்து, மென்மையான ஆடை உடுத்து வந்து நின்றது. குழந்தையில்லாத, உடல்நலமுள்ள தனி மனிதர் பெரும்பாலோர் முதல் வாயிலையே தாண்ட முடியவில்லை. 1980-களில் இலண்டன் நடைபாதைகளில் அட்டைப் பெட்டிகளுக்குள் உறங்கியோர் பெரும்பாலும் அவர்களே.

அவர்களுக்கென மைய அரசு 1990 இல் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் 1999 இல் தெருவில் உறங்குவோருக்கெனத் தனி அலுவலகம் அமைந்தது. 1998 இல் இங்கிலாந்தில் ஓரிரவுக் கணக்கில் 1,850 பேர் தெருவில் உறங்கினர். 2002-க்குள் இதனை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பது குறிக்கோள். 2001 இறுதியிலேயே தொகை 532 ஆயிற்று. தெருவுக்கே சென்று பேசிய பணியாளர், படுக்கையுள்ள விடுதி, மதுவுக்கும் மனநோய்க்கும் மருத்துவம், பின்னர் நிலையான வீடு, அவ்வீட்டில் தங்கி வாழத் துணை: இவை அனைத்துக்கும் ஒருங்கே பணம் தந்ததே அவ்வெற்றியின் காரணம்.

2003 இல், வீட்டில் நிலைத்து வாழத் துணை செய்யும் பணிகள் எல்லாவற்றையும் ஒரே மானியமாக்கி, ஆண்டுக்கு ஏறக்குறைய 180 கோடிப் பவுன் வழங்கினர். இப்பணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்பது அப்போது நிபந்தனை. 2009 இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் சிக்கன நடவடிக்கை வந்தது. உள்ளூர் மன்றங்களின் வருவாய் சுருங்கியது. முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் காப்புக்கும் பணம் போதாதபோது, வீடற்றோருக்கான தொகையில் மன்றங்கள் கைவைத்தன. 2010 இல் புதிய முறையில் எடுத்த கணக்கில் 1,768 ஆக இருந்த தொகை, 2017 இல் 4,751 ஆக உயர்ந்தது. வீட்டு வாடகை ஏற்றமும் உதவித்தொகைக் குறைப்பும் காரணங்களுள் அடங்கும் எனினும், காவல் நீங்கிய நிதி முதலில் எவரை விட்டு நீங்கும் என்பதை இது காட்டுகிறது. குரல் குறைந்தவரிடமிருந்தே அது முதலில் நீங்கும்.

இறுதியாக ஒரு காட்சி. 2020 மார்ச்சு இறுதியில், கொள்ளைநோய் பரவிய வேளையில், தெருவில் உள்ள அனைவரையும் உடனே உள்ளே கொணருமாறு அரசு உள்ளூர் மன்றங்களைக் கேட்டுக்கொண்டது. தகுதி வினாக்கள் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்பட்டன. பயணிகள் இல்லாமல் கிடந்த ஓட்டல்கள் திறக்கப்பட்டன. சில வாரங்களில் ஏறக்குறைய 15,000 பேருக்கு அறை கிடைத்தது. நானூறு ஆண்டுகளாக முடியாது என்றிருந்தது, முடிந்தது. தெருவில் இருப்பவனின் நோய் தம்மையும் தொற்றும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. அச்சம் செய்ததை அறம் செய்ய இயலாதா என்பதை நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் தம் ஏழையர் சட்டத்தை இங்கே கொண்டுவரவில்லை. இங்கே வழிப்போக்கரைத் தாங்கியவை மானிய நிலங்களின் வருவாயில் நடந்த சத்திரங்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் அமைத்த சத்திரங்கள் புகழ்பெற்றவை; அங்கேயும் சாதி வேற்றுமை பார்த்தே பந்தி நடந்தது என்பதையும் உண்மை கருதிச் சொல்ல வேண்டும். 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சென்னையில் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவாகவே, அதனோடு தொடர்புடைய மருத்துவமனையை மக்கள் நெடுங்காலம் ‘கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி’ என்று வழங்கினர்.

விடுதலை பெற்ற இந்தியாவில் நடைபாதையில் வாழ்வோரின் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், 1985 இல் பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2009 டிசம்பர்க் குளிரில் டில்லியில் ஓர் இரவுத் தங்குமிடக் கூடாரம் அகற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2010 இல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், நாள் முழுதும் திறந்திருக்குமாறு அமைக்க மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இதற்கெனத் தனித்திட்டம் வந்தது. செலவில் மைய அரசு 75 பங்கும் மாநிலம் 25 பங்கும் ஏற்பது தொடக்கத்து விதி. பின்னர் அது 60-க்கு 40 ஆயிற்று. ஒருவருக்கு ஐம்பது சதுர அடி இடம் என்று அளவும் வகுத்தனர். எனினும் 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பார்த்தபோது, ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவிடப்படாமலே கிடந்தது. ஆகவே உண்மை நிலையைக் காண, முன்னாள் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை நீதிமன்றம் அமைத்தது. இங்கிலாந்தில் ஊர்கள் பணம் இல்லை என்று கதவடைத்தன. இங்கே பணம் இருந்தும் கதவு கட்டப்படவில்லை. பணத்தை ஒதுக்குதல் வேறு, அது பாயாக விரிதல் வேறு.

2011 மக்கள் தொகைக் கணக்கில் நம் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்து 73 ஆயிரம். அவர்களைக் கணக்கிட்டது பிப்ரவரி 28 ஆம் நாள் இரவில். கணக்கெடுத்தோருள் ஆசிரியர் பலர் இருந்தனர். மேற்பார்வையாளன் என்ற முறையில் நானும் இரு ஆசிரியர்களுடன் கைவிளக்கு ஏந்திப் பேருந்து நிலையத்துக்குச் சென்றேன். நடைமேடையில் உறங்கியவர்களை மெல்ல எழுப்பி, பெயர், வயது, பிறந்த ஊர் என்று கேட்டு எழுதினோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயைத் திருப்பியனுப்பக் கேட்ட வினாவையே, அன்றிரவு அவர்களை நாட்டு மக்களுள் சேர்த்து எண்ணுவதற்காகக் கேட்டோம். வினா ஒன்றே, கேட்ட நோக்கம் வேறு. புளியமரம் அப்போது வெட்டப்பட்டிருந்தது. அந்த மரத்தடியில் இருந்தவர்கள் எங்கே என்று விசாரித்தேன். எவருக்கும் தெரியவில்லை.

அமெரிக்க நாட்டில் 1987 இல் இயற்றிய மக்கின்னி சட்டம், வீடற்றோர் பணிகளுக்கு மைய அரசின் பணத்தை ஒதுக்கியதோடு, குடியிருப்பு விதிகள் வீடற்ற குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கைக்குத் தடையாகாமல் மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. சான்றுகள் இல்லாவிடினும் உடனே சேர்க்க வேண்டும் என்ற விதி பின்னர் உறுதியாக்கப்பட்டது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்று குழந்தையைத் திருப்பியனுப்பக் கூடாது என்கிறது. 1999 இல் எனக்கு அத்தகைய சட்டத்தின் துணை இல்லை. ஆயினும், அந்தத் தாயைத் திருப்பியனுப்பச் சொல்லிச் சட்டம் எதுவும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. படிவம் ஒன்று கேட்டது; நான் அதற்குப் பணிந்தேன்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் வட்டாட்சியராகலாம், நகராட்சி ஆணையராகலாம், கணக்கு அலுவலராகலாம். அன்று உங்கள் மேசைக்கு நிதி ஒதுக்கீட்டுக் கோப்பு ஒன்று வரும். ‘எந்த ஊர்?’ என்ற கட்டம் அதில் ஏதேனும் ஒரு வடிவில் இருக்கும். அதற்கு விடை எழுதும் முன் வரலாற்றை ஒருமுறை நினையுங்கள்.

2000 ஆம் ஆண்டுச் சேர்க்கையின்போது, வீடில்லாத வேறு இரு பிள்ளைகள் என் பள்ளிக்கு வந்தனர். முகவரிக் கட்டத்தில் ‘மே/பா தலைமையாசிரியர்’ என்று என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். ஓய்வு பெறும்வரை அவ்வாறே செய்தேன். எவரும் என்னைக் காரணம் கேட்கவில்லை. அத்தனை எளிய செயல் அது. முதலில் வந்த அந்தச் சிறுவனுக்கு மட்டும் அதனைச் செய்யத் தவறினேன்.